கேட்ட ராகங்களும் படித்த செய்திகளும்

(சங்கத்தின் வருடாந்திரக் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருஷா வருஷம் இந்த மேடையில் யாராவது ஒருவர் கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது நம் வழக்கம். இந்தத் தடவை என் முறை வந்துவிட்டது. அரசியல் பேசினால் சபையில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போவார்கள். மீதிப் பாதி என்னோடு சண்டைக்கு வருவார்கள். சங்கீதம் மட்டும் பேசலாம் என்றால் நான் வித்வான் இல்லை. கணக்கு ஆபீசில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். ஸ்வரம் எழுதத் தெரியாது, தாளம் போட்டால் இரண்டாவது ஆவர்த்தனத்தில் கை நின்றுவிடும். ஆனால் அறுபது வருஷமாகக் காது கொடுத்துக் கேட்டு வருகிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. டைரியில் இடது பக்கம் அன்றைய செய்தி ஒன்று எழுதுவேன். வலது பக்கம் அன்று கேட்டதில் பிடித்த பாட்டு ஒன்று எழுதுவேன். கணக்குப்பிள்ளை புத்தி, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். 2024-ம் வருஷத்து டைரியைப் புரட்டியபோது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேசுவதுபோல் தோன்றியது. அதிலிருந்து ஆறு இடங்களை மட்டும் படிக்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் யாரும் காபிக்குப் போய்விட வேண்டாம்.

முதலாவது, பிப்ரவரி. அமெரிக்காவில் கிராமி விருது அறிவித்தார்கள். 'சக்தி' குழுவினரின் 'திஸ் மொமென்ட்' என்ற ஆல்பத்துக்கு உலக இசைப் பிரிவில் விருது. ஜான் மெக்லாலின், ஜாகிர் ஹுசேன், சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ். சங்கர் மகாதேவன் பாலக்காட்டு வம்சாவளி என்பதால் நம் வாட்ஸப் குழுவில் அன்று முழுவதும் பூங்கொத்துகள். அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் விசாரிக்கவில்லை. நானே பேரன் வற்புறுத்தியதால்தான் கேட்டேன். முதல் தடவை ஒரே சத்தமாக இருந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது, உள்ளே நம்முடைய கொன்னக்கோல் ஓடுவது பிடிபட்டது. 1970-களில் மெக்லாலினும் ஜாகிரும் முதலில் சேர்ந்தபோது உடன் இருந்தவர்கள் வயலின் எல். சங்கரும் கடம் விக்கு விநாயக்ராமும். அந்த விநாயக்ராமின் பிள்ளைதான் செல்வகணேஷ். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக, இரண்டு தலைமுறையாக, ஒரு வெள்ளைக்காரரும் ஒரு முஸ்லிம் தபலாக்காரரும் நம் பிள்ளைகளும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மார்ச். இடது பக்கம் என்ன எழுதியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். மார்ச் 17-ம் தேதி சென்னை மியூசிக் அகாடமி டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி என்று அறிவித்தது. சில நாட்களில் ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள் உட்படச் சிலர் அந்த சீசனில் பாட மாட்டோம் என்று விலகினார்கள். பிறகு எம்.எஸ். பெயரில் உள்ள விருதைக் குறித்து வழக்கு. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு, மேல் முறையீட்டில் வேறொரு தீர்ப்பு, கடைசியில் உச்சநீதிமன்றம் வரை போயிற்று.

எனக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லித்தான் என் பெண்ணோடு ஒன்றரை மாசம் பேச்சு நின்று போயிருந்தது. ஆனால் ஒரு கணக்கு எடுத்தேன். மார்ச் முதல் டிசம்பர் வரை நம் குழுவில் இது சம்பந்தமாக வந்த செய்திகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். சாதி வந்தது, கட்சி வந்தது, பெரியவர்களைப் பற்றிய வசவும் வந்தது. ஒரே ஒரு ராகத்தின் பெயர்கூட வரவில்லை. நான் எழுதியவற்றிலும் வரவில்லை.

அந்த வாரம் வலது பக்கத்தில் எம்.எஸ். என்று எழுதியிருக்கிறேன். சண்டை அலுத்துப் போய் அவருடைய பழைய பைரவியைப் போட்டுக் கேட்டேன். 2004 டிசம்பர் 11-ல் அவர் மறைந்து 2024-ல் இருபது வருஷம் நிறைந்தது. விடியற்காலையில் நம் அகத்தில் எழுந்து முதலில் கேட்கிற சுப்ரபாதம் அவர் குரல்தான். அந்த இசைத்தட்டின் ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்து வேத பாடசாலைக்குப் போகிறது என்பது பலருக்கும் தெரியும். வேதம் படிக்கிற நம் குழந்தைகளின் சாப்பாட்டில், மதுரையில் வீணை வாசித்த ஷண்முகவடிவு அம்மாளின் மகள் பாடிச் சம்பாதித்த அரிசி இருக்கிறது. இசை வேளாளர் மரபில் வந்த அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர்களில் ஒருவர் செம்மங்குடி சீனிவாச ஐயர், நம் ஊர் ஸ்வாதி திருநாள் சங்கீதக் கல்லூரியில் முத்தையா பாகவதருக்குப் பின் முதல்வராக இருந்தவர். கற்றுக்கொடுத்தவர் ஜாதகம் பார்த்துக் கற்றுக்கொடுக்கவில்லை என்று டைரியில் ஒரு வரி எழுதி வைத்தேன். அப்போது அதன் பொருள் எனக்கே முழுதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, ஏப்ரல். தேர்தல் மாசம். ஏப்ரல் 26-ம் தேதி வாக்குப்பதிவு. ஒரு மாசமாகத் தெருவில் மூன்று கட்சி வண்டிகளும் மாறி மாறி ஒலிபெருக்கி. அதற்கு நடுவே 16-ம் தேதி கே.ஜி. ஜயன் காலமானார். ஜய - விஜய என்ற இரட்டையர்களில் மூத்தவரா இளையவரா என்று கேட்காதீர்கள், இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். கோட்டயத்துக்காரர்கள். தகப்பனார் ஸ்ரீநாராயண குருவின் சீடர். விஜயன் 1988-லேயே போய்விட்டார். தனியாக நின்று பாடிய ஜயனும் 89-வது வயதில் விடைபெற்றார்.

அன்று இரவு அவர்களுடைய ஐயப்பன் பாட்டைக் கேட்டேன். சபரிமலையில் நடை திறக்கும்போது ஒலிபரப்பாகிற அதே பாட்டு. கண்ணை மூடினால் பதினெட்டாம் படி தெரியும். இராத்திரி நடை சாத்தும்போது ஒலிப்பது யேசுதாஸ் பாடிய ஹரிவராசனம். யோசித்துப் பாருங்கள். நடை திறக்கிற குரல் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர்களுடையது. நடை சாத்துகிற குரல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருடையது. மூன்று பேருக்கும் பாட்டு சொல்லிக் கொடுத்த குரு ஒருவரே, செம்பை வைத்யநாத பாகவதர். பாலக்காட்டுக் கிராமத்து ஐயர். குருவாயூரப்பனே கதி என்று இருந்த வைதிகர். 1974 அக்டோபரில் அவர் மறைந்தார். 2024-ல் அதற்கு ஐம்பது வருஷம். புரட்சி செய்கிறேன் என்று அவர் மேடை ஏறி முழங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாட வருகிற பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இப்போது ஆறு இடங்களில் சேராத ஒரு பக்கத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். நம் சங்கக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பாட்டு வகுப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் முப்பது குழந்தைகள் உட்கார இடமில்லாமல் இருந்த வகுப்பு. 2024 ஜூனில் ஐந்து பேர். நம் பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்ஸியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பாட்டு கற்றுக்கொள்கிறார்கள். தெருவில் பாதி வீடு பூட்டு, மீதியில் வயசானவர்கள்.

பூக்கட்டி விற்கிற ஓர் அம்மாள், தன் பெண்ணை வகுப்பில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டு வந்தாள். பெண்ணுக்கு ஒன்பது வயசு இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டே சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மனப்பாடம். நம் பாட்டு டீச்சர் பாடச் சொன்னார். தம்பூரா இல்லாமலே சுருதி நின்றது. டீச்சருக்கு உடனே சேர்த்துக்கொள்ள ஆசை. ஆனால் வகுப்பு உறுப்பினர் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மட்டும் என்று விதி இருக்கிறது. செயற்குழுவில் வைத்தோம். "ஆலோசித்துச் சொல்கிறோம்" என்று பதில் அனுப்பினோம். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். முதலில் விதியைக் காட்டியவனே நான்தான். கணக்கு ஆபீஸ் புத்தி.

நான்காவது, ஜூலை. இடது பக்கத்தில் அடுத்தடுத்த நாட்கள். பன்னிரண்டாம் தேதி விழிஞ்ஞத்தில் முதல் பெரிய சரக்குக் கப்பல் சான் ஃபெர்னாண்டோவுக்கு அரசாங்க வரவேற்பு. நம் ஊருக்கு உலகத் துறைமுகம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் பெருமை. மறுநாள், பதிமூன்றாம் தேதி, தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் ஓடுகிற ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை எடுக்க இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் காணாமல் போனார். பதினைந்தாம் தேதிதான் உடல் கிடைத்தது. கப்பல் வந்த அதே ஊர், அதே வாரம். அந்தக் குப்பையில் என் வீட்டு பிளாஸ்டிக் பையும் இருந்திருக்கும். இதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மாசக் கடைசி, 30-ம் தேதி விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் மலை சரிந்து இறங்கியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ராணுவம் 190 அடிக்கு பெய்லி பாலம் போட்டதை டி.வி.யில் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அன்று வலது பக்கம் நீலகண்ட சிவன். 1839-ல் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்து, இதோ கூப்பிடு தூரத்தில் கரமனையில் வாழ்ந்து, 1900-ல் மறைந்தவர். சின்னப் பையனாக இந்த ஊருக்கு வந்த பாபநாசம் சிவன், அவருடைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்துதான் பின்னால் தமிழ்த் தியாகையர் ஆனார். நீலகண்ட சிவனின் முகாரிப் பாட்டு ஒன்று எல்லோரும் அறிந்தது. சிவனுடைய கிருபை என்றைக்கு வரும் என்று ஏங்கிக் கேட்பது. பல வருஷமாக அதை ஒரு பக்தரின் சொந்த ஏக்கமாகவே கேட்டிருக்கிறேன். வயநாட்டுச் செய்தி வந்த இராத்திரி கேட்டபோது, ஒரு கிராமமே சேர்ந்து கேட்கிற கேள்வியாக இருந்தது.

அந்த வருஷம் அரசாங்கம் ஓண வாரக் கொண்டாட்டத்தை நிறுத்தியது. நம் சங்கமும் ஓண விருந்தைச் சுருக்கிப் பணத்தை நிவாரணத்துக்கு அனுப்பியது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நான்தான். ஒருவர்கூட மறுக்கவில்லை. அந்தப் பணம் யார் வீட்டுக் கூரைக்குப் போகும், அவர்கள் என்ன ஜனம் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. அதே கூட்டத்தில் பூக்காரம்மாளின் பெண் விஷயத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைத்தோம். மினிட்ஸ் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. எழுதியவன் நான், அதனால் தெரியும்.

ஐந்தாவது, அக்டோபர். நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் தமிழ்நாட்டு எல்லை தாண்டி ஊர்வலமாக வருவதும், குமாரசுவாமி ஆர்யசாலையிலும் நங்கையம்மன் செந்திட்டையிலும் தங்குவதும் நம் தெருக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரஸ்வதி அம்மன் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலு இருப்பாள். ஒன்பது நாளும் ஸ்வாதி திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், சங்கராபரணத்தில் ஆரம்பித்து ஆரபியில் முடியும். எண்ணெய் விளக்கு வெளிச்சம். கைதட்டக் கூடாது.

அந்த மண்டபத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்கள் மட்டுமே பாடினார்கள். 2006-ல் அரண்மனையைச் சேர்ந்த ராம வர்மா முன்கை எடுத்து முதல் முறையாக ஒரு பெண்மணியைப் பாட அழைத்தார். நம் வலியசாலையிலேயே வாழ்ந்த பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு 81 வயசு. ஸ்வாதி திருநாள் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பின்னால் அங்கேயே முதல் ஆசிரியை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். 2017-ல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில் 96 வயசில் காலமானார். ஸ்வாதி கீர்த்தனைகளை வாழ்நாள் முழுக்கக் கற்பித்தவர், அந்தக் கீர்த்தனைகளுக்கென்றே ஏற்பட்ட மண்டபத்தில் பாட 81 வயசு வரை காத்திருந்தார்.

2006-ல் நான் போகவில்லை. இதை முதல் தடவையாக வெளியே சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, "இத்தனை நாள் இல்லாத வழக்கம் இப்போ எதுக்கு? இன்னும் என்னென்ன பார்க்கணுமோ!" என்று பேசிக்கொண்டிருந்தேன். என் அகத்துக்காரி என்னோடு வாதம் பண்ணவில்லை. "ஏன்னா, ரசம் மூடி வெச்சிருக்கேன், சாப்டுடுங்கோ" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மாமிகளோடு கிளம்பிப் போனாள். திரும்பி வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "கை தட்டப்படாதோன்னோ, அதனால கண்ணைத் தொடச்சிண்டு வந்துட்டோம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

2019-ல் அவள் போய்விட்டாள். 2024 நவராத்திரியில் ஐந்தாம் நாள், பைரவி நாள், பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தில் உட்கார்ந்தேன். அந்த வருஷம் நேரில் கேட்டதில் எனக்கு உச்சம் அந்த பைரவிதான். திரும்பி வரும்போது பேத்தி, "தாத்தா, பாட்டியோட இங்கே வந்திருக்கேளா?" என்று கேட்டாள். "இல்லைடி கண்ணு" என்றேன். ஏன் என்று கேட்டாள். பழவங்காடி வரைக்கும் பதில் யோசித்தேன், வரவில்லை.

ஆறாவது, டிசம்பர். 15-ம் தேதி ஜாகிர் ஹுசேன் அமெரிக்காவில் காலமானார், வயசு 73. நம் ஊரில் செய்தி உறுதியானது மறுநாள் காலை. அதே 16-ம் தேதிதான் எம்.எஸ். விருது வழக்கில் உச்சநீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் வந்தது. டி.வி.யில் மேலே ஜாகிரின் சிரித்த முகம், கீழே வழக்குச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நம் குழுவில் மறுபடி சண்டை ஆரம்பித்தது. நான் போனை வைத்துவிட்டு, பிப்ரவரியில் கேட்ட அந்த ஆல்பத்தை மறுபடி போட்டேன். பிறகு பெண்ணுக்குப் போன் செய்து, "ஜாகிர் போயிட்டார்" என்று மட்டும் சொன்னேன். "ஆமாம்பா" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அப்புறம் வழக்கம்போல் பேசினோம்.

டைரி முடிந்தது. இனி வேண்டுகோள்.

நம் தெருவின் பெயர் வலியசாலை. காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ராஜராஜ சோழன் கல்வெட்டிலேயே நம் பெயர் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை அடித்துக்கொள்ளாதவர் இங்கே யாரும் இல்லை. சாலை என்றால் இங்கே ரோடு என்று பொருள் இல்லை, பாடசாலை. அந்தக் காலத்துச் சாலையில் எல்லோருக்கும் இடம் இருந்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் செம்பை பாகவதர் காலத்துக்கும் பொன்னம்மாள் மாமி காலத்துக்கும் பிறகு வந்தவர்கள் நாம்.

சில பெரியவர்கள் பயப்படுகிறார்கள். இன்று வகுப்பு, நாளை ஹால், நாளை மறுநாள் சங்கமே நம்முடையதாக இருக்காது என்று என்னிடமே சொன்னார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தெரு காலியாகிக்கொண்டிருக்கிறது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்கிற தவிப்பு அது. எனக்கும் உண்டு. ஆனால் நாம் காப்பாற்ற நினைப்பது கட்டிடத்தை என்றால் பூட்டுப் போட்டால் போதும். பாட்டை என்றால் பாடுகிறவர்கள் வேண்டும். ஐந்து குழந்தைகளில் இரண்டு பேர் வருகிற மே மாசம் அப்பா அம்மாவோடு ஊர் மாறுகிறார்கள். மூன்று பேருக்கு ஒரு டீச்சர் எத்தனை நாள் வருவார்?

ஆகவே விதியில் "உறுப்பினர் குடும்பத்துக் குழந்தைகள்" என்று இருப்பதை "பாட்டு கற்க விரும்பும் குழந்தைகள்" என்று மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் கொடுக்கிறேன். ஆதரிப்பவர்கள் கீழே கையெழுத்துப் போடலாம். எதிர்ப்பவர்கள் என்னோடு தாராளமாகச் சண்டை போடலாம். ஒரே ஒரு நிபந்தனை. சண்டைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்புக்கு வந்து, அந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் நின்று கேளுங்கள். அந்தப் பெண் இன்னமும் வருகிறாள். மாயாமாளவகௌளையில் கீதம் வரைக்கும் வந்துவிட்டாள், வெளியே நின்றபடியே.

2006-ல் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவையும் அப்படியே இருந்துவிட்டேன் என்று பேத்தியிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காபி ஆறிப் போயிருக்கும், மன்னிக்கவும்.